பன்னிரண்டு பத்து

கஞ்சியை மூன்றாம் முறையாகச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா இருமினார். நாலு நாளாக அவர் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. டாக்டர் நேற்றே கைவிரித்துவிட்டார்.

ஆடிப் பௌர்ணமி. பிக்குகள் வேறு ஊருக்குப் போகாமல், மழைக்காலம் முழுக்க விகாரையில் தங்கத் தொடங்கும் நாள். அப்பாவுக்கு வருஷம் என்பதே பௌர்ணமிகள்தான். வைகாசியில் விளக்கு, ஆடியில் இது, மழை முடிந்ததும் பிக்குகளுக்குச் சீவர ஆடை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எட்டுச் சீல உறுதி எடுப்பார். இன்று காலையும் படுத்தபடியே எடுத்தார். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் உதட்டை அசைத்தார். நண்பகலுக்குப் பின் உண்ணமாட்டேன் என்பது ஆறாவது. அதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

"பாதி வழியிலயே இறங்கிட்டாரு" என்றான் தம்பி.

பதினொரு மணிக்கு எழுப்பிப் பார்த்தாள். எழவில்லை.

இப்போது கிண்ணத்தோடு போனபோது கண் விழித்திருந்தார்.

"பசிக்குதும்மா."

தம்பி ஓடிவந்து தலையணையை நிமிர்த்தினான். கரண்டி உதடு வரை போயிற்று.

"மணி என்ன?"

முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். கண்ணில் புரை விழுந்த பிறகு, அவர் கேட்கும்போதெல்லாம் அவள்தான் கடிகாரம் பார்த்துச் சொல்வாள். அந்த வீட்டில் 'ஒன்பது இருக்கும்' என்று யாரும் சொல்ல முடியாது. "இருக்குமா, இருக்கா?" என்பார்.

"பன்னிரண்டு பத்து" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"அந்தக் கடிகாரம் வேகமா ஓடுதுப்பா" என்றான் தம்பி.

"நான் வெச்ச டைம்டா அது."

"நோயாளிக்கு விலக்கு உண்டுப்பா. பெரிய பிக்குவே சொல்லியிருக்காரு" என்றாள் அவள்.

"விலக்கு நான் கேக்கலியே." லேசாகச் சிரித்தார். "விடிஞ்சதும் சாப்பிடறேன். எடுத்து வை."

தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு குடித்தார்.

சமையலறைக்கு அவள் பின்னாலேயே வந்தான் தம்பி.

"பதினொண்ணுன்னு சொல்ல வாய் வரலியாக்கா உனக்கு?"

"பொய் சொல்லமாட்டேன்னு நானும்தானே காலையில சீலம் எடுத்தேன்."

அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

வெயில் இறங்குவதற்குள் மூச்சு நின்றது. அவள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்து பிக்குகள் வந்தார்கள். ஓதி முடித்ததும், உச்சிக்கு முன்பே உணவுக்காகக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அடுத்த அறையில் அப்பா. அக்கம்பக்கத்துப் பெண்கள் கை கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று அவளே பரிமாறினாள்.

பெரிய பிக்கு பாத்திரத்தை உள்ளங்கையால் மூடினார்.

"போதும்மா."

"இன்னும் கொஞ்சம்."

"நிறைய இருக்கும்மா."

கரண்டியைக் கவிழ்த்தாள். சோறு அவர் புறங்கையில் விழுந்தது.

"அக்கா" என்றான் தம்பி.

அடுத்த கரண்டி அள்ளினாள். ஆவி பறந்தது. பிக்கு கையை இழுத்துக்கொள்ளவில்லை.