டோரீன் அக்காவின் குப்பைப் பை

எங்கள் ஜோகுபாளையம் தெருவில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது. சுகாதாரக் கணக்கெடுப்புத் தாளோடு நான் ஏறி இறங்கிய எல்லா வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சேஷகிரி மாமாகூட, "நான் இரும்பும்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரை, பிரஷர்காரர்கள் முப்பது பேர் தேறினால் வாரம் ஒரு நாள் டாக்டர் தெருவுக்கே வருவார், ஒருவர் குறைந்தாலும் வரமாட்டார் என்று நர்ஸ் யசோதா மேடம் சொல்லியிருந்தார்.

ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கே ஐந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு பஸ் மாறிப் போய் ரகசியமாக மாத்திரை வாங்கி வருகிறேன். மகள் ரூபினிக்கு அடுத்த தெருவில் சம்பந்தம் பேசுகிறோம். பரம்பரை வியாதி என்று மாப்பிள்ளையின் அம்மாவான மகா பின்வாங்கிவிட்டால்? என் பெயரை நான் எழுதவே இல்லை.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். "உங்க வீட்ட விடுங்க. பக்கத்து வீட்ல யாருக்கு இன்னா?"

நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. மூலம் முதல் குறட்டை வரை கொட்டித் தீர்த்தார்கள். குட்டு உடைந்தவர்கள் முணுமுணுத்தபடி கையெழுத்தும் போட்டார்கள். இருபத்தொன்பது பேர்.

முப்பதாவது ஆள் என் பக்கத்து வீட்டு டோரீன் அக்கா என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். "அவங்க குப்பைப் பையில எப்பவும் சக்கரை மாத்திரை அட்டை கிடக்குதே!"

மாத்திரை தீரும்போதெல்லாம், காலையில் குப்பை ஆட்டோ வருமுன் அந்தப் பையில் காலி அட்டையைப் போடுவது நான்தான். பாவி நான், வாயைத் திறக்காமல் அக்கா பெயரை எழுதினேன்.

கையெழுத்து கேட்டபோது அக்கா தெருவே கூடும்படி கத்தினார். "எனக்கா சுகர்? போன வாரந்தான் டெஸ்ட் எடுத்தேன், பாரு!" ரிப்போர்ட் என் மூக்குக்கு நேரே ஆடியது.

கணக்கு பார்க்க வந்திருந்த யசோதா மேடம் தாளை மடித்தார். "இருபத்தொன்பதா? ஆகல்லம்மா, முப்பது வேணும்."

படியிலேயே உட்கார்ந்திருந்த சேஷகிரி மாமாவைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

"அக்கா, உங்க குப்பைப் பையில கிடக்கற சக்கரை மாத்திரை அட்டைங்க என்னுது. என் பேர எழுதிக்கங்க மேடம்."

டோரீன் அக்கா இடுப்பில் கை வைத்தார். "அடிப்பாவி காந்தா! அதப் பாத்துட்டுத்தான் எம்புள்ள லாயிட் அஞ்சு வருஷமா எனக்குச் சக்கரையில்லாத டீ குடுக்கறானா?"

டாக்டர் வந்த முதல் வியாழக்கிழமை, முதல் டோக்கன் எனக்கு. சம்பந்தம் போச்சு என்று தலையைக் குனிந்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு அம்மாள், கையில் என்னுடையதைவிடத் தடியான ஃபைல்.

முந்தானை மெல்ல விலகியது. மகா!

"வெறும் வயித்துலதானே வந்தீங்க, சம்பந்தி?" என்றார்.