மேடையில் வறுத்த வஞ்சிரம்

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், மீன் விற்கும் பாப்பா அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எப்போதாவது பத்திரிகைக்குக் கதை அனுப்புவேன். அது அவளுக்குத் தெரியும்.

"டீச்சர், நீங்க எழுதுறவங்கதானே? இத்த எழுதுங்க. கவர்மென்ட்டுக்குத் தெரியணும். ஆனா எம் பேரு மட்டும் வரக்கூடாது."

பெயர் வரக்கூடாது என்றவளின் பெயரை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். பொறுங்கள். அந்த இடத்துக்கும் வருவேன்.

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

"கரையிலிருந்து நான்கு கடல் மைல் தொலைவில், ஒரு சரக்குக் கப்பலின் எண்ணெய்த் தொட்டியில் விரிசல் ஏற்பட்டு..." இது செய்தித்தாள். வேண்டாம்.

"கடல் அழுதது." சீ. (கடல் எங்கே அழுதது? ஆறிப்போன கஞ்சி மாதிரி ஏடு படிந்து கறுப்பாகக் கிடந்தது. நான் பார்த்தேன்.)

"பாப்பா ஒரு..." இதற்கு மேல் ஓடவில்லை.

"அரசு விரைந்து நடவடிக்கை எடுத்தது." இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. ஒரு விதத்தில் உண்மைதானே. முதல் மூன்று நாள் வாளியும் மக்குமாக எண்ணெயை அள்ளினார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான்காம் நாள் கரையில் ஷாமியானா போட்டார்கள்.

3

ஷாமியானா எதற்கு? அந்தக் கரை மீனை யாரும் வாங்கவில்லை. மக்களின் பயத்தைத் தெளிவிக்க மேலே ஒரு யோசனை உதித்தது: பெரிய அதிகாரிகள் கேமராக்களுக்கு முன்னால், அந்தக் கரையில் பிடித்த மீனையே மேடையில் வறுத்துச் சாப்பிட வேண்டும். மீனுக்கு ஏற்பாடு செய்யும் வேலை ஜெபகுமாருக்கு வந்தது. ஜெபகுமார் என் கணவர். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். இது கற்பனைக் கதை, இதில் துறைகளுக்குப் பெயர் கிடையாது.

முந்தின நாள் காலை அவர் பாப்பாவை வாசலில் நிறுத்திச் சொன்னது எனக்குச் சமையலறை வரை கேட்டது.

"பாப்பா, நாளைக்கு உங்க குப்பத்து மீன் எட்டு கிலோ வேணும். காலையில பிடிச்சதா இருக்கட்டும். பெரியவங்க சாப்பிடப் போறாங்க."

"நீங்களும் துன்னுவீங்களா சார்?"

"நானும்தான்."

பாப்பா பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருவுக்கு வருகிறாள். செவுளைத் தூக்கிக் காட்டாமல் ஒரு மீன்கூட எனக்குத் தந்ததில்லை. மறுநாள் விடியலில் தன் ஊர் வலையில் வந்த மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்த்தாள். டீசல் வாடை. பேசாமல் ஷேர் ஆட்டோ பிடித்துக் கீழ்க்கட்டளை மீன் சந்தைக்குப் போனாள். தெற்கேயிருந்து ஐஸ் பெட்டியில் வந்திறங்கிய வஞ்சிரத்தை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பினாள்.

"தெரிஞ்சே அத்த எப்டி டீச்சர் சார் தட்டுல வைப்பேன்? நம்பித்தானே கேட்டாரு."

மேடையில் எல்லோரும் சாப்பிட்டார்கள். "அருமை" என்றார்கள். அன்று மாலைச் செய்தியில் ஜெபகுமாரின் முழங்கை தெரிந்தது.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மீன்காரி இதற்காக இவ்வளவு தூரம் போவாளா? பத்திரிகை ஆசிரியர் நிச்சயம் கேட்பார். அவள் பெயரை மறைக்கவும் வேண்டும். அதனால் அவளை ஆணாக்கினேன். பெயர் துரை. லாபத்துக்காக மீனை மாற்றுகிற தந்திரக்காரன். இரண்டு பக்கம் எழுதியதும் துரையை எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று தெரிந்தது. எனக்குத்தான் அவனைப் பிடிக்கவில்லை.

மேடையோடு விஷயம் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அன்றைக்கே ஆய்வுக்கும் மீன் அனுப்ப வேண்டியிருந்தது. வலையிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும் என்பது விதி. நேரமெல்லாம் ஷாமியானா கட்டுவதில் போய்விட்டது. ஜெபகுமார் பாப்பாவின் கூடையிலிருந்தே இரண்டு மீனை எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். அவள் வாய் திறக்கவில்லை. அத்தனை கேமராவுக்கு நடுவே எதைச் சொல்வாள்?

பத்து நாளில் அறிக்கை வந்தது. மீனில் எண்ணெய் இல்லை. தடை தேவையில்லை. குப்பத்துக்கு நிவாரணம் கொடுப்பதற்கான கோப்பையும் மூடினார்கள்.

[ஜெபகுமார் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது: "ஆய்வகத்தின் மேல் தப்பில்லை. கொடுத்த மீனுக்கு அது சரியான அறிக்கை."]

5

ஆமாம், அவர் படித்துவிட்டார். என் மேசையில் கிடந்ததைத் தற்செயலாக எடுத்தாராம். (முப்பது வருடத்தில் என் கதை ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காத மனிதர்.)

"கெசியா, கீழ்க்கட்டளைன்னு எழுதியிருக்கியே, அது நிஜமா?"

"கதைதானே" என்றேன். சொன்னவுடனே வெட்கமாகிவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் அலுவலகத்தில், காரணம் எதுவும் சொல்லாமல், மறுபடியும் மாதிரி எடுக்கலாம் என்று ஒரு குறிப்பு வைத்தார். 'அறிக்கை ஏற்கெனவே பெறப்பட்டது' என்று திரும்பி வந்தது.

"காரணத்தை எழுதினா நான் சஸ்பெண்ட். ஒன்பது மாசத்துல ரிடையர் ஆகுறேன். இதுக்கு மேல நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக்கினால் கதை எவ்வளவு லேசாக நடக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததையும் எழுதிவிடுகிறேன்.

6

பாப்பாவின் மகள் புஷ்பலதா, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஏழு மாதம். விற்காத மீனைக் குப்பத்தில் என்ன செய்வார்கள்? சாப்பிடுவார்கள்.

"வாணாம்டின்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா டீச்சர். 'பெரிய பெரிய ஆபீசருங்களே துன்னாங்களேம்மா, உனக்கு இன்னா'ன்றா. வாடை கழுவுனா பூடும்னு டிவில சொல்லிகினு கீறாங்களாம். உண்மைய அவளாண்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள குப்பம் பூரா தெரிஞ்சிரும். ஊரு நிவாரணத்த கெடுத்தவன்னு பஞ்சாயத்துல நிக்க வெச்சிருவாங்க. அப்பறம் ஏலத்துல எனக்கு ஒரு மீன் குடுக்க மாட்டாங்க."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால்தான் பாப்பா கதையைத் தேடி வந்தாள். அரசுக்குத் தெரிய வேண்டும், ஊருக்குத் தெரியக் கூடாது. இப்படி ஒரு கதையை எழுத யாரால் முடியும்?

7

முடிவுகள்:

அ) பத்திரிகையில் கதையைப் படித்த ஓர் உயரதிகாரி திடுக்கிட்டு மறு ஆய்வுக்கு உத்தரவிடுகிறார். (உயரதிகாரிகள் சிறுகதை படிப்பதில்லை.)

ஆ) எண்ணெய் தானாகவே

இ) துரை மனம் திருந்தி...

இன்று ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் துரை கதையைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"யாரு அந்த துரை?"

"சும்மா வெச்ச பேர். உங்களைத்தான் மறைச்சிருக்கேன்."

"எங்க குப்பத்துல துரைன்னு ரெண்டு பேரு கீறாங்க டீச்சர். ரெண்டு பேரையும் புடிச்சி அடிப்பானுங்க. வாணாம். எம் பேரையே போடுங்க." பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே, "கதையும் வாணாம். மனுவா எழுதிக் குடுங்க. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்களாமே, நானே போயி குடுக்குறேன். எம் பொண்ணாண்டயும் சொல்லிடறேன். வர்றது வரட்டும்."

கதை எழுதும்போது வராத வேகம் மனு எழுதும்போது வந்தது. ஒரே மூச்சில் முடித்தேன். கீழே பாப்பா தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"மீன்காரி சொன்னா எவன் நம்புவான்? நீங்களும் கையெழுத்து போடுங்க டீச்சர். நீங்க அங்கதானே இருந்தீங்க."

8

நான்காம் பகுதியில் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று பள்ளி விடுமுறை. வேடிக்கை பார்க்க ஜெபகுமாரோடு நானும் கரைக்குப் போயிருந்தேன். அவர் கூடையிலிருந்து மீனை எடுத்தபோது, பையின் வாயைத் திறந்து பிடித்தது நான். மீன் வலையிலிருந்து வரவில்லை என்று சொல்ல, பாப்பாவையும் அவரையும் தவிர இருக்கும் ஒரே ஆள் நான்தான். சொன்னால் போவது என் வீட்டுக்காரரின் வேலை.

அவள் மனுவை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நாளை காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். 'சாட்சி' என்று எழுதி ஒரு கோடும் போட்டிருக்கிறேன். பக்கத்து அறையில் ஜெபகுமார் நாளைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போடுகிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ஜெபகுமார் என்று வரும் இடத்திலெல்லாம் உங்கள் வீட்டு ஆளின் பெயரைப் போட்டு ஒரு முறை படியுங்கள். அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடுவேன் என்றால் சொல்லுங்கள், போட மாட்டேன் என்றாலும் சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். புஷ்பலதாவுக்கு இது எட்டாம் மாதம்.