சொல்லாமல் வந்தவர்

...அப்படியென்ன பெரிய குற்றம், கூடப் பிறந்த தம்பி வீட்டுக்குப் போக முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்ன, அந்தக் காலத்தில் யார் யாருக்குச் சொன்னார்கள், செருப்பை மாட்டினால் கிளம்பியாயிற்று, கதவைத் தட்டினால் வந்தாயிற்று, ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், உயிரா போய்விடும்... நான்காவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டே அந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். லிஃப்ட் இருந்தது, ஆனால் அதற்கும் ஏதோ அட்டையைக் காட்ட வேண்டுமாம், போடா நீயும் உன் அட்டையும் என்று படியேறிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியத்தை என்ன செய்வதென்றே அவருக்குத் தெரியவில்லை, வீட்டில் கைபேசி மட்டும்தான் பேசும், ‘உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்று, அதற்குக்கூடப் பதில் சொல்ல ஆசையாக இருக்கும். தம்பி தினமும் காலையில் பூப்படம் அனுப்புகிறான், இவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார், பாசம் அதோடு முடிந்தது. அதுவா வேண்டும்? ஒரு மணி நேரம் அவனோடு தரையில் படுத்துக்கிடக்க வேண்டும், தொலைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாத அந்த வீட்டின் மதியங்களில் கிடந்ததுபோல, ஒரே தலையணையில் இரண்டு தலை, வாய் ஓயாமல் பொய் பொய்யாய்க் கதை, அம்மா வந்து, “ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தூங்குங்கடா,” என்று அதட்டும்வரை... சிரிக்காதீர்கள், இந்த வயதில் அவருக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

கதவைத் தட்டினார், கை வலித்ததுதான் மிச்சம். பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, நடுவில் கண்ணாடிக் கண், கீழே பொத்தான். அழுத்தினால் பெட்டியே பேசியது. “அண்ணே! என்ன திடீர்னு? ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?” பெட்டிக்கு வாய் எது, காது எது என்று புரியாமல் குனிந்து, “சும்மாதான்டா, உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு,” என்றார். “அடடா, நாங்க எல்லாரும் வெளிய இருக்கோம்ணே, வர ராத்திரி ஆயிடும். பெல் அடிச்சா என் போன்லயே தெரியும், உன்னை நல்லாப் பார்க்கிறேன், இளைச்சுட்டியே!” பரவாயில்லையே, எங்கேயோ இருப்பவன் வாசலில் நிற்பவனைப் பார்க்கிறான், காலம் எங்கேயோ போய்விட்டது என்று வியந்து தலையைக்கூடக் கோதிக்கொண்டார், அப்போது தம்பி தும்மினான். அவன் தும்மல் தெருவுக்கே தெரியும், சின்ன வயதிலேயே அப்படித்தான். அது முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு நொடி கழித்துப் பெட்டியிலிருந்தும் வந்தது.

அடப்பாவி... கதவை ஓங்கி உதைக்கலாமா, ‘எனக்கும் காதுன்னு ஒண்ணு இருக்குடா’ என்று கத்தலாமா, உள்ளே என்ன தொந்தரவோ, புருஷன் பெண்டாட்டி சண்டையோ, யாராவது விருந்தாளியோ, இல்லை, நான்தான் தொந்தரவோ... வேண்டாம், அதை மட்டும் நினைக்க வேண்டாம். “உடம்பைப் பார்த்துக்கோடா. சரி, இன்னொரு நாள் வரேன்,” என்றார். “கண்டிப்பா வாண்ணே, சொல்லிட்டு வா,” என்றது பெட்டி. அந்தக் கண் பார்த்துக்கொண்டிருக்குமே என்று, எல்லாவற்றையும் நம்பிவிட்ட முகத்தோடு படித் திருப்பம்வரை நடந்தார். அதைத் தாண்டிய பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இப்படிச் செய்வார்களா, வாசல் தேடி வந்தவரை... இறங்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். ஏன், செய்தோமே. அத்தை. பிள்ளைகுட்டி இல்லாத, வந்தால் லேசில் எழுந்திருக்காத, பேசிப் பேசியே தலைவலி கொடுக்கிற அத்தை, தெருமுனையில் அவள் குடை தெரிந்ததுமே அம்மா தாழ்ப்பாள் போட்டுவிடுவாள், சன்னலுக்குக் கீழே எல்லோரும் குப்புறப் படுத்துக்கொள்வார்கள், இவர் தம்பியின் வாயைப் பொத்த, அவன் சிரிப்பு விரலிடுக்கில் புஸ்ஸென்று கசியும், எத்தனை முறை அதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறார். அத்தை தட்டுவாள், கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு, “சரி, இன்னொரு நாள் வரேன்,” என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போவாள், பைத்தியக்கார அத்தை, ஆளில்லாத வீட்டுக்கிட்ட சொல்லிட்டுப் போகுது பாரு என்று இவர்கள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். ஆளில்லாத வீட்டிடம் யாராவது சொல்லிக்கொண்டு போவார்களா...