சக்கரபாணியின் வலக்கை

1988 ஜூலை. கடற்கரைப் பக்கம் நாங்கள் குண்டு எறிந்து பெத்தாங்க் விளையாடும் மண் திடலில் அன்று இரும்புக் குண்டுகளை யாரும் தொடவில்லை. குத்துச்சண்டையில் டைசன் ஒன்றரை நிமிடத்தில் எதிராளியைச் சாய்த்ததுதான் பேச்சு. பழைய சாம்பியன்கள் ஜோ லூயி, மார்சியானோ, ஃபோர்மன் எல்லோரையும் சேர்த்துக் கட்டினாலும் இவன் குத்துக்கு ஈடாகாது என்றார் கலியபெருமாள். பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். குத்துச்சண்டையைப் பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி.

நான் ஒப்பவில்லை. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலத்தில் என் அண்ணன் சக்கரபாணி அவர்கள் பட்டாளத்தில் ஹெவிவெயிட் வீரர். சைகோனில் அதிகாரிகள் அவரை ஜோ லூயி என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் கையின் கனம் இந்தக் காலத்துக்கு வராது என்று பல வருடங்களாக இந்தத் திடலில் சொல்லி வந்திருக்கிறேன்.

“உங்க அண்ணன் குத்துல கப்பலு கவுந்துச்சுன்னு மட்டுந்தான் ஐயா இன்னும் சொல்லல” என்றார் கலியபெருமாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டுப் பெயரை யாரும் சிரிப்பாக்க நான் விட்டதில்லை.

திடலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குண்டு குறிக்கட்டைக்குக் கிட்டே விழுந்தது என்று தகராறு வந்தால், இரு கட்சியிலும் சேராத ஒருவர் நூல் பிடித்து அளப்பார். அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. அன்று குருசுக்குப்பத்துப் பக்கிரியண்ணன் பிரான்சிலிருந்து வந்திருந்தார். என் அண்ணனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். உள்ளங்கையில் தடித்த உறை மாட்டிக்கொண்டு, பயிற்சியில் அண்ணனின் குத்துகளை வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு மார்செய் நகரத்தில் இளம் ஹெவிவெயிட் வீரர்களுக்கும் அதே வேலைதான் செய்தார். இரண்டு காலத்து அடியும் வாங்கிய கை அவருடையது.

அவரையே அளந்து சொல்லச் சொன்னேன். தீர்ப்பு எனக்கு எதிரானால் இந்தத் திடலில் அண்ணன் பேச்சை இனி எடுப்பதில்லை என்று எல்லோர் முன்னும் வாக்குக் கொடுத்தேன்.

பக்கிரியண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, இப்ப இருக்கிற பசங்க அடிதான் பெரிசு. தீனி வேற, பழக்குறது வேற. உங்க அண்ணன் அடி அவ்ளோ வராது.”

கலியபெருமாள் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு குண்டை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். நான் நிமிர்ந்தே நின்றேன். “சரி” என்றேன்.

தோற்றது பெரிதில்லை. அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு வேறு இடம் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அவர் கப்பல் ஏறியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எழுபத்தொன்றில் பிரான்சிலேயே, தூலோனில் அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களுக்குத் தந்தி மட்டும் வந்தது. என்னை அவர் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அந்தக் கையின் கனத்தை ஊரார் சொல்லித்தான் நான் அறிவேன்.

உள்ளங்கையை விரித்து நீட்டினேன். “அண்ணன் குத்து எப்படி இருக்கும்னு காட்டுங்கண்ணே.”

பக்கிரியண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அகட்டி நின்றார்.

“மொதல்ல இடது தோளு அசையும். அதப் பாத்து நாம ஏமாந்துடுவோம். வலக்கை கீழேர்ந்து வரும்.”

தோள் அசைந்தது. கிணற்றில் வாளியை இழுக்கும் முன் அண்ணனின் தோள் அப்படித்தான் அசையும். அதை நான் மறந்தே போயிருந்தேன். மூடிய கை கீழிருந்து வந்து என் உள்ளங்கையில் மெல்லப் பட்டது.

“வலிச்சிதா தம்பி?”

“இல்ல” என்றேன். நீட்டிய கையை மடக்கவில்லை. “அவரு மாதிரியே அடிங்க.”