விமானி அறையில் ஒற்றை இருக்கை

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தின் தூரத்து மூலையில் நின்ற சின்ன விமானத்தில் நானும் அம்புறோசும் துப்புரவு முடித்து இறங்கும்போது, என் மகள் கம்சனா படியடியில் நின்றாள். வேறொரு சின்னக் கம்பெனியின் விமானிச் சீருடை. கண்கள் வீங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்கக் கதிரையில் இருந்தவள். பின்னேரம் மியூனிக்கிலிருந்து அவள் விமானம் ஓட்ட வேண்டும். இந்த விமானம் அங்கேதான் போகிறது, ஆனால் பயணிகள் இருக்கை எல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சம், விமானி அறைக்குள் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் மடித்து வைத்திருக்கும் ஒற்றை இருக்கை.

"என்ன அண்ணை, மகள் பறக்கிறா, நீங்கள் இன்னும் கக்கூஸ் கழுவுறியள்," என்றான் அம்புறோஸ்.

"உன்ர மகன் உன்னைக் கழுவவிடாமல் வைச்சிருக்கிறானோ?" என்றேன்.

அந்த இருக்கைக்கு ஒரு ஒழுங்கு உண்டாம். பெயர் பதிந்திருந்தாலும் கப்டன் சம்மதிக்க வேண்டும். தானே போய், அறை வாசலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். அவர் இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேளாமல் நன்றி சொல்லித் திரும்பவேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் விசா கேட்டு வெளிநாட்டவர் கந்தோர் வாசலில் நானும் இப்படித்தான் நின்றேன். காரணம் சொல்லாத கதவு எதையும் நான் நம்புவதில்லை.

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தாய் படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு தரம் வர ஏலாது என்று அறிவித்துவிட்டாள். இன்னொரு தரம் சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

அவள் மேலே ஏற, மறந்த பையை எடுக்கப் போகிறவன்போல நானும் பின்னால் ஏறினேன். கப்டன் ஒரு நரைத்த தாடிக்காரன். அவள் கேட்டதும் அவள் கையிலிருந்த விமானி அட்டையைப் பார்த்தான், பிறகு வெளியே மழையைப் பார்த்தான். இப்படிப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அடுத்து வருவது 'இல்லை' என்ற சொல்தான். பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மனில், பிள்ளை இரவு முழுக்கத் தாயோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள், கண் மூடவில்லை, பின்னேரம் வேலை, இரக்கப்பட்டு இடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவன் திரும்பினான். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிறீர்களா?" என்று அவளைக் கேட்டான்.

"ஆம்."

"தூங்கினீர்களா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றாள்.

"இருக்கை தருகிறேன். ஆனால் தூங்காதவர் விமானம் ஓட்டக்கூடாது. இதைக் கேட்ட பிறகு உங்களை வேலைக்குப் போக விட்டுவிட்டு நான் பேசாமல் இருக்க முடியாது," என்றான் கப்டன்.

அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

படியடியில் நின்று, இன்றைக்கும் வர ஏலாது என்று கம்பெனிக்கு ஃபோன் அடித்தாள். யோசித்துவிட்டுத் திரும்ப எடுப்பார்களாம்.

"அவன் தரமாட்டான் எண்டு நினைச்சன் பிள்ளை."

"அவர் ஓம் எண்டு சொல்ல வாய் திறந்தவர் அப்பா. நீங்கள் முந்திட்டியள்."

"நான் பொய் ஒண்டும் சொல்லேல்லையே."

"ஓம். சொல்லேல்லை."

பயணிகளின் பஸ் வந்தது. துப்புரவுச் சாமான் ஏற்றும் எங்கள் வான் வண்டியில், முன் இருக்கையில் அவளை நடுவில் இருத்தினோம். சாரதிப் பக்கம் அம்புறோஸ், கதவுப் பக்கம் நான், காலடியில் குப்பைப் பைகள். வான் வெளிக்கிடும் முன்னமே அவள் தலை என் தோளில் விழுந்தது. வாய் திறந்து, மூச்சு இழுத்து, அப்படி ஒரு நித்திரை.

இரண்டு திருப்பம் தாண்டவில்லை, அவள் மடியில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் கம்பெனியின் பெயர்.

"அண்ணை, எழுப்புங்கோ," என்றான் அம்புறோஸ்.

நான் கையை நீட்டினேன். அவளுடைய மூச்சு என் சட்டையில் சூடாகப் பட்டது. ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து, நீலப் பாவாடையில் வழுக்கி, மெல்ல மெல்ல முழங்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.