பத்துப் பேரில் ஒருத்தி

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியர். கணக்கு டீச்சர், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவரும் அவரே. காலமான என் தம்பியின் மனைவி; நாங்களும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். அவள் மகள், நாங்கள் குருவி என்று கூப்பிடும் பெண். அவளுடைய பெரியப்பாவாகிய நான். ப்யூன் விடுப்பில் இருந்தார். கதவை நானே சாத்தினேன்.

இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. குருவி அதை எழுதலாமா கூடாதா என்பதுதான் பேச்சு.

நான் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த நாளிலிருந்து அதிகாரிகள் முன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“டீச்சர், நீங்களே சொல்லிடுங்க.”

“கசப்பு மருந்துன்னா மட்டும் என் கையில குடுத்துடுவீங்க சார்,” என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, ரிசல்ட்ட இப்பல்லாம் மொத்தமா மட்டும் பாக்கறதில்ல. பொண்ணுங்க எவ்வளவு, பசங்க எவ்வளவு, வெளியூர்லேர்ந்து வந்த பிள்ளைங்க எவ்வளவுன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறாங்க. நம்ம வெளியூர்ப் பிள்ளைங்க பத்துப் பேர். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல பாஸானாத்தான் அடுத்த வருஷமும் மாலை வகுப்பு நடக்கும். ஒருத்தர் தோத்தாலும் சரியா தொண்ணூறுல நின்னுடும்.”

“அந்த ஒருத்தர் எங்க வீட்டுப் பொண்ணுங்கறீங்க.”

“கணக்குல இருபதத் தாண்டல ஐயா. காலைல பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரல.”

தம்பி மனைவி வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். அப்படியும் அவள் நிறுத்தவில்லை.

“லாண்டரியில நீராவி பட்டு என் கை வெந்துடுச்சு டீச்சர். என் இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு ரெண்டு மாசமா காலைல இவதான் நின்னா. ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் இவதான் தேச்சா.”

“இத ஏன்மா முன்னாடியே சொல்லல?”

“அது வீட்டு விஷயம்,” என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் யாரும் கஷ்டத்தைக் கடை விரித்ததில்லை.

தலைமையாசிரியர் ஒருவழியாகப் பேனாவைக் கீழே வைத்தார். “இப்ப விலகிட்டா அடுத்த வருஷம் தனித்தேர்வரா எழுதலாம் ஐயா. பேருக்கு ஒரு கறையும் வராது.”

“எங்க வீட்ல யாரும் பாதியில இறங்கினதில்ல சார். அவ எழுதுவா. தோத்தாலும் உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணாத்தான் தோப்பா.”

“நான் விலகிக்கறேன் பெரியப்பா,” என்றாள் குருவி.

“பெரியவங்க பேசும்போது நீ சும்மா இரு.”

“இல்ல பெரியப்பா. பக்கத்து வீட்டுக் கொத்தனார் பொண்ணு அடுத்த வருஷம் மாலை வகுப்புக்கு வரணும். அவளுக்கு இன்னும் புஸ்தகத்த முழுசா வாசிக்கவே வரல. என்னால வகுப்பு போச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?” பிறகு சிரித்தாள். “தனியா எழுதினா தனியா தோத்துட்டுப் போறேன். யாரோட சதவீதமும் குறையாது.”

டீச்சர் சிரிக்கவில்லை. தம்பி மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

அடுத்தவர் பிள்ளைக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அவளுடைய பெரியப்பா வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் தம்பி இருந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “அவ இஷ்டம் சார்,” என்றேன். வெளியே வரும்போது குருவி தன் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தாள். தாயும் நானும் பின்னால் போனோம்.

மாதம் ஒன்று ஆவதற்குள் ஒரு சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“மாலை வகுப்ப நிறுத்திட்டாங்க ஐயா.”

“எதுக்கு? எங்க பொண்ணுதான் விலகிட்டாளே.”

“அதுதான் காரணம். பத்துப் பேருக்குக் குறைஞ்சா அது தனிப் பிரிவே இல்லையாம். பிரிவு இல்லன்னா வகுப்பும் இல்ல. சாரும் நானும் சதவீதத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டோம். தலைய எண்ணல.” அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “பத்துல ஒண்ணு போனா ஒன்பதுன்னு தெரியாத கணக்கு டீச்சர் நான்.”

குருவி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதி முடியிலேயே நின்றது.

“அப்ப கொத்தனார் பொண்ணு?”

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார்.  குருவி சீப்பை எடுத்து, அதில் சுற்றிய முடியைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. தாய் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, “என்னையும் தொட விடமாட்டேங்கறா மாமா,” என்றாள்.

மறுநாள் நான் தலைமையாசிரியரிடம் போனேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நாக்கு.

“அவளத் திரும்பச் சேத்துக்கங்க சார். பத்து ஆயிடும்.”

“தேர்வு எழுதறவங்க பேரெல்லாம் மேல போயிடுச்சு ஐயா. இனிமே என் கையில ஒண்ணுமில்ல.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம்.”

“தெரியும் சார்,” என்றேன். அவரைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

ஒன்பது பேரும் மாலை வகுப்பு இல்லாமலே தேர்வு எழுதினார்கள். இரண்டு பேர் தோற்றார்கள். பிரிவே இல்லாமல் போனதால் அந்த இரண்டு பேரும் தனியாக எங்கும் தெரியவில்லை. மொத்தத்தில் பள்ளிக்கு அது நல்ல வருஷம். வாசலில் பெரிதாகப் பலகை வைத்தார்கள்.

தம்பி மனைவியின் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அதனால் லாண்டரியில் குருவியின் வேலை நிலைத்துவிட்டது. தாய் மடித்துக் கொடுக்க மட்டும் கூடப் போகிறாள். இந்த வருஷம் ஒருநாள் அங்கே போனேன். தாயும் மகளும் ஆளுக்கு இரண்டு முனையாக ஒரு விரிப்பைப் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தனித்தேர்வுக்குப் பேர் குடுக்கற நேரம் வந்துடுச்சும்மா.”

“பாக்கலாம் பெரியப்பா. நகந்துக்கங்க, ஈரம் பட்டுடும்,” என்றாள்.

போன வருஷமும் பாக்கலாம் என்றாள். பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போனால் லாண்டரி பக்கம். அவள் சந்தையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள்; அதனால்தான் அந்தப் பேரே வந்தது. இப்போது வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது.

எங்கள் வீட்டுப் பெண் கணக்கில் தோற்றதால் படிப்பை விட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவள் தோற்கவில்லை. தேர்வே எழுதவில்லை.