யூகோ அடித்த நாளில் ஒன்பதாவது பாட்டு

டோன்கா செய்த முதல் தப்பு, யூகோ காற்று அடிக்கிற நாளில் உதவி கேட்டது. கடலிலிருந்து புழுங்கிப் புழுங்கி வரும் அந்தத் தெற்குக் காற்று வீசினால், ஸ்பிளிட் நகரத்தில் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெண் கேட்டுப் போகமாட்டார்கள், லீவு கேட்கமாட்டார்கள், பக்கத்து வீட்டில் உப்புகூடக் கேட்கமாட்டார்கள். ஊர் முழுக்கத் தலைவலியோடு, யார்மேல் எரிந்து விழலாம் என்று காத்திருக்கும்.

அவளுக்கோ வேறு நாள் இல்லை. இருபது வருடம் ஓட்டல்களில் அடுத்தவர் பாட்டைப் பாடியவள், இப்போதுதான் சொந்த ஊரைப் பற்றித் தானே எழுதிய ஒன்பது பாட்டை ஆல்பமாகப் போடுகிறாள். வெறும் பியானோ, அவள் குரல், வேறொன்றும் கிடையாது. அந்தப் பியானோவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்க முடியாததால், ஒலிப்பதிவு செய்யும் விளாஸ்தாவே தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து மைக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. விளாஸ்தாவுக்கு ஆறு மணிக்கு பஸ். அவள் போய்விட்டால் அடுத்த வருடம்தான் வருவாள்.

மிச்சமிருந்த ஒன்பதாவதுதான் இருப்பதிலேயே மெல்லிய பாட்டு. மியூனிக்கில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, பெட்டியை இழுத்துக்கொண்டு, யாரும் ஏனென்று கேட்காத ஊருக்குள் கடலோரமாக வீடுவரை நடந்ததைப் பற்றியது. பாதிப் பாட்டு முணுமுணுப்புதான்.

ஜன்னலுக்கு நேர் கீழே பலோத்தே ஆடுகளம். சின்னப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, கனத்த பந்துகளை அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி எறிகிற ஆட்டம். எறிவது கொஞ்சம், கத்துவதுதான் அதிகம். தினமும் நான்கு கிழவர்கள். அவர்களுக்கு ராஜா, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற பிரானே. அவரிடம்தான் டோன்கா இறங்கிப் போய் நின்றாள்.

"பிரானே மாமா, ஒரே ஒரு மணி நேரம். கொஞ்சம் சத்தம் போடாம விளையாடுங்களேன்."

"சத்தம் போடாம விளையாட இது என்ன சதுரங்கமா? அப்படி என்ன பாட்டு?"

"நம்ம ஊரப் பத்தி மாமா."

"மீன் சந்தைக்குப் பாட்டு உண்டா?"

"ஒண்ணு இருக்கு."

"மழைக்கு?"

"ரெண்டு."

"எங்க ஆட்டத்துக்கு?"

இங்கேதான் இரண்டாவது தப்பு. உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். "அது... இல்ல மாமா."

பிரானே மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடா ஷிமே? மழைக்கு ரெண்டாம். முப்பது வருஷமா இங்க வெயில்ல காயறோம், நமக்கு ஒரு வரி கிடையாதாம். போ தாயீ, போய் மழைகிட்டயே கேளு."

அதற்குப் பிறகு அவர்கள் வேண்டுமென்றே கத்தினார்கள். மேலே வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு டோன்கா மூன்று முறை தொடங்கினாள். மூன்று முறையும் இரண்டாவது வரியில் "அடேய் குருட்டுப் பயலே!" என்று ஒரு குரல் பியானோவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. விளாஸ்தா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"மணி அஞ்சாகப் போகுது. எட்டுப் பாட்டோட நிறுத்திக்கலாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்று கத்திய டோன்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நிமிடம்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலை விரியத் திறந்து, தெருவே அதிரும்படி பியானோவில் ஒரு குத்துத் தாளம் போட்டாள்.

"பிரானே மாமா காலுக்குக் கண்ணு முளைச்சிருக்கு
சின்னப் பந்து எங்க போனாலும் பின்னாலேயே போயிருக்கு!"

கீழே யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பிரானே கால் பெருவிரலால் சின்னப் பந்தை நகர்த்தி ஏமாற்றுவது ஊரறிந்த ரகசியம். ஆனால் ஸ்பிளிட்டில் கிண்டலுக்குக் கோபப்பட்டவன் தோற்றவன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அவள் விடவில்லை.

"ஷிமே மாமா எறிஞ்ச பந்து துறைமுகம் போய்ச் சேரும்
எடுத்து வர அவரு போனா ஏழு கிளாஸ் வைன் தீரும்!"

ஷிமே வாயை மூடிக்கொண்டார். மிச்சமிருந்த இருவரும் அடுத்தது யாரோ என்று அசையாமல் நின்றார்கள். யாருக்கும் பந்தை எறியத் துணிவில்லை. தன் பெயர் வரும்போது கேட்காமல் போய்விட்டால்?

டோன்கா அந்த அமைதியைக் கவனித்தாள். விளாஸ்தாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். விளாஸ்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினாள். ஜன்னலை ஒருக்களித்துவிட்டு, தாளத்தை அப்படியே மெல்ல மெல்லக் குறைத்து, ஒன்பதாவது பாட்டுக்குள் இறங்கிவிட்டாள்.

திருட்டுத்தனம்தான். கிழவர்கள் தங்கள் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு கடலோரமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசி வரி முடிந்து, கடைசிக் கட்டையின் ஒலி அடங்கும்வரை கீழே ஒரு இருமல்கூட இல்லை. விளாஸ்தா கட்டைவிரலை உயர்த்திவிட்டு மைக்குகளை மடக்க ஆரம்பித்தாள்.

டோன்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏமாற்றிவிட்டோமே, இந்நேரம் வசவு பறந்து வந்திருக்க வேண்டுமே? இந்த ஊரில் பாராட்டு கிடையாது. கிண்டல் செய்தால் நீ எங்கள் ஆள் என்று அர்த்தம். ஒன்றுமே சொல்லவில்லை என்றால்? ஜன்னலில் எட்டிப் பார்க்கவே பயந்தாள்.

"டோன்கா!" பிரானேயின் குரல். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா. இனி நீங்க விளையாடலாம்."

பந்து உருளும் சத்தம் வரவில்லை. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். நான்கு பேரும் பந்தும் கையுமாக அண்ணாந்து நின்றார்கள்.

"அந்த மெஷினெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்றார் பிரானே.

"வச்சாச்சு."

"அப்ப அந்தப் பெட்டி இழுக்கற பாட்ட இன்னொரு வாட்டி பாடு. எங்களுக்கு."

டோன்கா பியானோ முன்னால் உட்கார்ந்தாள். முதல் கட்டையை அழுத்தினாள். பாட ஆரம்பிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி அழுத்தினாள்.

"என்னடி," என்று கீழேயிருந்து வந்தது, "அதுக்குள்ள மறந்துட்டியா?"